எதுவும் நடக்கமுன் ஒரு சட்டத்தரணியைத் தேடிவை

அகிலன்,

உன் கல்யாணத்தன்று பச்சைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து நான்கு உழுந்து வடை சாப்பிட்ட அந்த நரைத்த தலைச் சுவிஸ் பெண்மணி யார் என்று நீ கேட்டாய். "வேலையிடத்துப் பழக்கம்" என்று சொன்னேன். அது பொய். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் நம் வீட்டுக்கு அட்டை அனுப்புகிறவரும் அவர்தான். அதை அனுப்புவது என் டொக்டர் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிவைத்தேன், அதுவும் பொய். அவர் பெயர் கேர்பர். தூன் நகரில் குற்றவியல் வழக்குகள் பேசுகிற சட்டத்தரணி. உன் அம்மா ஒருகாலத்தில் பொலிஸ் பதிவில் ஒரு மனிதனை அகப்பையால் அடித்த குற்றவாளியாக இருந்தவள். அப்போது உனக்குப் பத்து வயது. இப்போது உனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, இனி உன்னிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதை இன்றைக்கு எழுதக் காரணம் உண்டு. அடுத்த மாதம் நீ ஃப்ரிபூர்க்கில் ரயில் டிக்கெட் பரிசோதகராக வேலை தொடங்குகிறாய். போன ஞாயிறு என் மருமகள் தாரணியோடு வந்தபோது, தற்காப்புப் பயிற்சியில் படித்ததைக் காட்டுகிறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சுழற்றினாய். அவருடைய கண்ணாடி சோபாவுக்குக் கீழே போய்விட்டது, நாங்கள் எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "பிடியை விடுவிச்ச பிறகு என்ன செய்யிறது?" "ஓடுறது, அம்மா." "ஓடின பிறகு?" "பொலிசைக் கூப்பிடுறது." "பொலிஸ் வந்தா?" நீ தோளைக் குலுக்கிவிட்டு, "நடந்ததைச் சொல்லுறது, வேறை என்ன?" என்றாய். கையை விடுவிக்க உனக்கு மூன்று நாள் பயிற்சி தந்திருக்கிறார்கள். அந்த "வேறை என்ன"வுக்கு யாரும் உனக்கு அரைமணி நேரம்கூடப் பாடம் எடுக்கவில்லை. அதை நான் எடுக்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் நான் நன்றாகக் கோட்டை விட்டவள்.

இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டல் சமையலறையை நீ அறிவாய். பின்கதவால் நுழைந்தால் இடது பக்கம் குளிர் அறை, வலது பக்கம் பாத்திரம் கழுவும் இடம், நேரே போனால் என் அடுப்பு. பானங்கள் கொண்டுவந்து இறக்குகிற சாரதி ஒருவன் இருந்தான். கதவளவு உயரம், அதே அளவு அகலம். பெட்டிகளை எப்போதும் அவசர வழிக்குக் குறுக்கே அடுக்கிவிட்டுப் போவான். அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். தலைமைச் சமையல்காரர் ஓய்வுக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவும் போர்த்துக்கல்காரி லூர்திஸும் நானும் மட்டும்தான். நான் பூசணிக்காய் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அகப்பையும் கையுமாகவே போய், பெட்டிகளை அங்காலே வைக்கும்படி சொன்னேன். அவனுக்கு அன்றைக்கு என்ன பிரச்சினையோ தெரியாது. கத்தினான். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, என்னைக் குளிர் அறைக் கதவோடு சேர்த்து நெருக்கினான். மற்றக் கையை ஓங்கினான். என் வலது கையில் அகப்பை இருந்தது. நான் யோசிக்கவில்லை, மகன். யோசித்தேன் என்று சொன்னால் அது மூன்றாவது பொய்யாகிவிடும்.

ஒரே ஒரு அடி. புருவத்தில் பட்டது. அவன் என் கையை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தான். புருவம் கிழிந்தால் இரத்தம் கொஞ்சமாக வராது. அதோடு அகப்பையில் இருந்த சூப்பும் சேர்ந்துகொண்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது ஆளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். லூர்திஸ் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த நேரத்தில் அவன் தன் தொலைபேசியை எடுத்துப் பொலிசுக்குச் சொல்லிவிட்டான். இதுதான் என் முதல் பிழை. 117-ஐ முதலில் அழுத்தியிருக்க வேண்டியவள் நான். யார் முதலில் கூப்பிடுகிறாரோ, வருகிற பொலிஸ் அவரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்த்துக்கொண்டே உள்ளே வருகிறது. அது அவர்களுடைய கெட்ட எண்ணம் இல்லை, மனித இயல்பு.

வந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் மரியாதையானவர்கள். நான் அவர்களுக்குப் பால் தேத்தண்ணி போட்டுக்கொடுத்தேன். சிரிக்காதே, எங்கே ஆள் வந்தாலும் எனக்குக் கை தானாகக் கேத்திலுக்குப் போகும். அடித்தது நீங்களா என்று கேட்டார்கள். "யா, யா, மன்னிக்க வேணும்" என்றேன். ஒருதரம் இல்லை, ஏழெட்டுத் தரம் மன்னிப்புக் கேட்டேன். ஒருவன் இரத்தம் வழிய இருக்கும்போது மன்னிப்புக் கேட்காமல் எப்படி இருப்பது? அவர்கள் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதினார்கள். பிறகு "நீங்கள் ஹேஸிக்காக இருந்தீர்களா?" என்று கேட்டார்கள். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுகிற சொல் அது. ஹேஸிக் என்றால் கோபம், எனக்கு நன்றாகத் தெரியும். பயத்துக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று அந்த நேரம் எனக்கு வாயில் வரவில்லை. "யா, ஹேஸிக்" என்றேன். அதையும் எழுதினார்கள். மணிக்கட்டை யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. கடைசியில் நீட்டிய தாளில் ஆங்கில எழுத்தில் அழகாகக் கையெழுத்து வைத்தேன்.

இப்போது என் பெரிய பிழைக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அவர்கள் கேட்டவர்கள். கேட்டவர்கள், அகிலன். நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? மொழிபெயர்க்க வருவது ஒரு தமிழ் ஆள். வெள்ளிக்கிழமை கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுத்து முடிய முதல், இன்ன வீட்டு மனுசி ஒருத்தனின் மண்டையை உடைத்துவிட்டாள் என்று சுவிஸ் முழுக்கக் கதை பரவிவிடும் என்று பயந்தேன். சிறைக்குப் போவதைவிட ஊர்க்கதைக்குப் பயந்த பெண் உன் அம்மா.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பதிவுத் தபாலில் தண்டனைக் கட்டளை வந்தது, நீதிமன்ற விசாரணை இல்லாமலே வழக்குத்தொடுநர் எழுதி அனுப்புகிற தீர்ப்பு. உடற்காயம் ஏற்படுத்திய குற்றம் என்று எழுதியிருந்தது. மிச்சம் எனக்கு விளங்கவில்லை. அதை உன் அப்பாவின் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடி, கடைசியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன். தினமும் அந்தப் படத்தைத் துடைத்துப் பூ வைக்கிறவர் அவர்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு எப்படி மறந்துபோனதோ! அந்த வாரம் அவருக்கு இரவு வேலை என்பதால் ஞாயிறுவரை அது தப்பியது. ஞாயிறு காலையில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். "இஞ்சரும், பிள்ளையார் உமக்குக் கடிதம் போட்டிருக்கிறார்" என்றார். அவ்வளவுதான். நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். பிறகு தாளை மெல்ல மெல்ல வாசித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். ஆட்சேபிக்க விரும்பினால் பத்து நாள். அதில் ஆறு நாளைப் பிள்ளையார் காவல் காத்துவிட்டார்.

திங்கட்கிழமை, எல்லோருக்கும் கடிதம் வாசித்துக் கொடுக்கிற தமிழ்ச் சங்கத்து அண்ணையிடம் போனோம். "தங்கச்சி, இது சின்ன விசயம். பேசாமல் ஒத்துக்கொண்டு போங்கோ, கிளறினால்தான் கரைச்சல்" என்றார். நல்ல மனதோடு சொன்ன பிழையான ஆலோசனை. அப்போது நம் நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருந்தோம். ஒரு குற்றப்பதிவு அதில் என்ன செய்யும் என்று அவரும் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்துக்குக் கிட்ட, சட்டத்தரணி என்று பித்தளைப் பலகை போட்ட ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தோம். உள்ளே இருந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டாள். சொன்னோம். பிள்ளை யாரோடு இருக்கப்போகிறது என்று கேட்டாள். "எங்களோடைதான்" என்றார் அப்பா. "இரண்டு பேரோடுமா?" "ஓம்." அவள் பேனையை வைத்துவிட்டு, வீட்டைப் பிரிப்பதில் உடன்பாடு உண்டா என்று கேட்டாள். உன் அப்பா என் பக்கம் திரும்பி, "இவ ஏன் எங்களைப் பிரிக்க நிக்கிறா?" என்றார். கால்மணி நேரம் போன பிறகுதான் அவள் விவாகரத்து வழக்குகள் மட்டும் பேசுகிறவள் என்று விளங்கியது.

நல்லவள்தான். கடிதத்தில் திகதியைப் பார்த்ததும் முகம் மாறி, ஒரு துண்டில் கேர்பர் அம்மையாரின் பெயரை எழுதித் தந்து, இன்றைக்கே கூப்பிடுங்கள் என்றாள். டொக்டர் என்றால் எல்லா டொக்டரும் இருதயத்தை வெட்டித் தைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். சட்டத்தரணிகளும் அப்படித்தான் என்பதை அந்த நாற்காலியில்தான் படித்தேன். வீடு வாங்க ஒருவர், விவாகரத்துக்கு ஒருவர், அடிதடிக்கு வேறொருவர். நெருப்புப் பிடித்த பிறகு தெருவில் ஓடி ஓடிக் கண்டுபிடிக்கிற விசயம் இல்லை அது.

புதன்கிழமை மதியம், ஒன்பதாவது நாள், தூன் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அவரைச் சந்தித்தோம். அவருக்கு வேறு நேரம் இல்லை. ஒரு கையில் கடித்த பாண், மறு கையில் என் கடிதம். உன் அப்பா ரயிலில் வரும்போதே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், அடிச்சது நான் எண்டு எழுதுங்கோ" என்றார். கேர்பர் பாணை மென்றபடியே கேட்டார், "அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" அப்பா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "மகன்ரை பள்ளிக்கூடத்திலை. ரீச்சரோடை கதைச்சுக்கொண்டிருந்தனான்." கேர்பருக்குப் பாண் புரையேறிவிட்டது. சிரித்து முடித்த பிறகு அப்பாவின் கையைத் தட்டி, "அன்பு நல்லது, ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார். பதினைந்து வருடம் என்னோடு வாழ்ந்த அந்த மனிதர் எனக்காகச் சிறைக்குப் போகவும் ஆயத்தமாக இருந்தார் என்பது அந்த வாங்கில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டால் நான் ஏசுவதில்லை. அனேகமாக ஏசுவதில்லை.

பிறகு கேர்பர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கும் கதவுக்கும் இடையில் யார் நின்றது?" ஒருவரும் அதுவரை அதைக் கேட்கவில்லை. "அவன்தான்" என்றேன். "அவன் கை எங்கே இருந்தது?" மணிக்கட்டைக் காட்டினேன். காயம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் லூர்திஸ் அன்று எனக்கு ஐஸ் வைத்துவிடும்போது, கோபத்தில் தன் புருசனுக்கு அனுப்பவென்று என் கையைப் போட்டோ எடுத்திருந்தாள். நான்கு விரல் அடையாளமும் நீலமாக அதில் இருந்தது, திகதியோடும் நேரத்தோடும். நான் கோபமாகத்தானே இருந்தேன், பொலிசுக்கு அப்படிச் சொல்லிவிட்டேனே என்று கேட்டேன். "அமைதியாக இருந்தீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. தாக்குதல் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்ததா, நீங்கள் செய்தது அதற்கு அளவானதா என்றுதான் கேட்கும்" என்றார். அந்த வாங்கிலேயே ஒரு தாள் எடுத்து, நான் ஆட்சேபிக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினார். தபாலகத்துக்கு மூன்று பேரும் சேர்ந்தே நடந்தோம். ஒன்பது நாளாக என்னைத் தின்ற பயத்துக்கு மருந்து ஒரு வரிதான்.

வழக்குத்தொடுநர் என்னைத் திரும்ப விசாரித்தபோது மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் பயந்தபடியேதான் நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று தேவாரம் பாடுகிற பெண் அவர். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது. அவர் என்னை முன்பின் தெரியாதவர் போல வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வழக்குத்தொடுநர் கேட்டார், "அவர் விழுந்த பிறகு நீங்கள் ஏன் மறுபடி அடிக்கவில்லை?" நான் உள்ளதைச் சொன்னேன். "சூப் அடிப்பிடிச்சுக்கொண்டிருந்தது." அந்தப் பெண் முகத்தில் ஒரு கோடு அசையாமல் அதை அப்படியே ஜெர்மனில் சொன்னார். வழக்குத்தொடுநர் பேனையால் வாயை மறைத்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார். அந்த ஒரு அடியோடு நான் நிறுத்தியதுதான் என்னைக் காப்பாற்றியது, இரண்டாவது அடி விழுந்திருந்தால் இந்தக் கதை வேறாகியிருக்கும் என்று கேர்பர் பிறகு சொன்னார். லூர்திஸும் வந்து பார்த்ததைச் சொன்னாள். இரண்டு மாதத்தில் வழக்கைக் கைவிட்டதாகக் கடிதம் வந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் இன்றுவரை ஒரு சொல் யாரிடமும் விடவில்லை, என்னிடம்கூட. நான் அவரைப் பற்றி நினைத்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஆகவே, மகன், நீ செய்ய வேண்டியது இது. யாராவது உன்மேல் கைவைத்தால் முதலில் விலகு. வழி இருந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடு, ஆண்பிள்ளை ஓடினான் என்று யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். வழியே இல்லாவிட்டால் உன்னைக் காப்பாற்றிக்கொள், அது முடிந்ததும் நிறுத்து. சட்டத்தரணி இருக்கிறார் என்பது அடிப்பதற்குக் கிடைத்த டிக்கெட் இல்லை. பிறகு பொலிசை நீயே கூப்பிடு. வந்தவர்களிடம், என்னைத் தாக்கினார்கள், நான் தற்காத்துக்கொண்டேன், இதோ காயம், இவர் பார்த்தவர், கமரா அங்கே இருக்கிறது, மிச்சத்தை என் சட்டத்தரணியோடு கதைத்துவிட்டுச் சொல்லுகிறேன் என்று மட்டும் சொல். பிறகு வாயை மூடு. நம் வீட்டில் பிறந்தவனுக்கு அதுதான் கஷ்டம். உன் கொம்பனியில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள் என்று நீ சொல்லுவாய். இருக்கட்டும், அவர்கள் கொம்பனிக்காகப் பேசுகிறவர்கள். உனக்கும் அதற்கும் ஒத்துப்போகாத நாளில் உன் பக்கம் நிற்க உனக்கென்று ஒருவர் வேண்டும். விளங்காத மொழியில் கையெழுத்து வைக்காதே. ஃப்ரிபூர்க்கில் பிரெஞ்சுதான் கதைப்பார்கள்; உன் பிரெஞ்சு காப்பி வாங்கப் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது.

நீ தேடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் போன புதன்கிழமை நானே ஃப்ரிபூர்க்குக்குப் போனேன். தாரணி தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள், உன்னிடம் சொல்லவேண்டாம் என்றும் அவள்தான் சொன்னாள். கேர்பர் தந்த மூன்று பெயர்களோடு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம். முதலாமவர், தற்காப்பு வழக்கு எத்தனை பேசியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டதும் தன் பட்டங்களைப் பற்றிச் சொன்னார். இரண்டாமவருக்கு வார இறுதியில் தொலைபேசி எடுக்கிற பழக்கம் இல்லை, ஆனால் அடிதடி வார இறுதியில்தான் வரும். மூன்றாமவர் மெலிந்த மனிதர், பிரெஞ்சும் ஜெர்மனும் ஒரே வசனத்தில் மாறி மாறிக் கதைக்கிறார், நான் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, "உங்கள் மகன் என்ன செய்தார்?" என்று கேட்டார். "இன்னும் ஒண்டும் செய்யேல்லை" என்றேன், தாரணி அதை மொழிபெயர்த்தாள். அவர் பேனையை வைத்துவிட்டு, இத்தனை வருடத்தில் ஒருவர் சரியான நேரத்துக்கு வந்தது இதுதான் முதல்தரம் என்று எழுந்து எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு உனக்கு நேரம் எடுத்திருக்கிறேன், தாரணி கூட்டிக்கொண்டு வருவாள், முறைத்துப் பிரயோசனமில்லை. முகத்தைப் பார், கை கொடு, உன் கேள்விகளைக் கேள், இலக்கத்தைத் தொலைபேசியிலும் போடு, ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலும் வை. பிறகு வேலைக்குப் போய் எல்லோருடைய டிக்கெட்டையும் சிரித்த முகத்தோடு பார். நான் தினமும் கும்பிடுவது ஒன்றுதான்: அந்த நல்ல மனிதர் உன் குரலைத் தொலைபேசியில் ஒருதரம்கூடக் கேட்காமலே ஓய்வு பெற்றுப் போகட்டும்.

அம்மா